பழியெல்லாம் கடைக்குட்டி மேல்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்களா? இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று வழக்கம்போல எழுத உட்கார்ந்தேன், 'நாங்கள்' வரைக்கும் எழுதிவிட்டு அதற்கு மேல் பேனா நகரவில்லை, அந்தக் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு இதைப் புதிதாக ஆரம்பிக்கிறேன். உடனே பதறிவிடாதே. ஆஸ்பத்திரி சமாச்சாரம் ஒன்றும் இல்லை, யாரும் விழவில்லை, எதுவும் உடையவில்லை. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் அணைத்துவிட்டு வந்து நிதானமாகப் படி. மாப்பிள்ளையிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், முதலில் நீ மட்டும் படி. குழந்தைக்கு ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்துவிட்டதா? போன ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை காற்று வந்தது, அப்பா அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மழை விட்டபாடில்லை. துணி காய மாட்டேன் என்கிறது, மாடிப்படிச் சுவரில் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு பொத்துப் பொத்தென்று விழுகிறது, உன் அறை ஜன்னல் உப்பிக்கொண்டு மூட மறுக்கிறது. உன் அறை என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், அது கடைக்குட்டியின் அறையாகி வருஷம் ஒன்றாகிறது. அப்பா வேலையை விட்டு வந்தபோது நீங்கள் இருவரும் சேர்ந்து அனுப்பி வைத்தீர்களே, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் அந்த ஜாய்ஸ்டிக், அதற்கு நான் வைத்த பேர்தான் கடைக்குட்டி என்று உனக்குத் தெரியும், ஆனால் ஏன் அப்படி வைத்தேன் என்று ஒரு நாள் இங்கே வந்து இருந்து பார்த்தால்தான் புரியும். ஒற்றைப் பிள்ளையாக உன்னை வளர்த்தபோதுகூட இத்தனை சீராட்டு நடக்கவில்லை. பெட்டி வந்த அன்று நான் ஏதோ பிள்ளைகள் விளையாடும் குச்சி என்றுதான் நினைத்தேன். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. தையல் மெஷின் தலை கனத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, உள்ளே இரண்டு மோட்டார், ஒரு சின்ன ஃபேன், மேலே பிடி. சாதாரணக் குச்சி என்றால் நாம் தள்ளின பக்கம் போகும், இது நம்மையே திருப்பித் தள்ளும். திரையில் விமானம் வேகம் எடுத்தால் கையில் குச்சி இறுகும், வேகம் செத்தால் தொளதொளவென்று ஆகும், சக்கரம் ஓடுபாதையில் உருண்டால் கடகடவென்று அதிரும். அதற்கு என்னவோ ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று பேராம். "காத்து கையில தெரியணும். தெரியலன்னா அது பறக்கிறது இல்ல, படம் பாக்கிறது" என்று அன்றைக்கு என்னிடம் சொன்னார் உன் அப்பா. முப்பது வருஷம் சரக்கு விமானம் ஓட்டிய மனிதருக்கு வேலையை விட்ட பிறகு நீங்கள் அனுப்பியது காற்று, நான் குறை சொல்லவில்லை.

குறை சொல்லவில்லை என்றாலும் சொல்கிறேன். முதலில் அதைச் சாப்பாட்டு மேஜையில் இறுக்கிப் பூட்டினார், ஒரு மாதத்தில் மேஜையின் கால் கழன்றது, விளிம்பில் பல்லால் கடித்த மாதிரி தழும்பு. அப்புறம் தச்சரைக் கூப்பிட்டுத் தனியாக ஒரு சட்டம் செய்தார், அதைத் தரையோடு முடுக்கினார். காலுக்குப் பெடல், கண்ணுக்குத் திரை, உன் படிப்பு நாற்காலியை அறுத்துக் குட்டையாக்கி அதில் விமானத்து பெல்ட் வேறு. கீழ்வீட்டு நர்ஸ் இருக்கிறாளே, இராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள், அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலே வந்தாள். "ஆன்ட்டி, என் கட்டிலுக்கு மேல லைட்டு ஆடுது, மேல என்ன மாவு மில்லா ஓட்டுறீங்க" என்று கேட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்பா மறுநாளே சட்டத்துக்கு அடியில் ரப்பர் பாய் வாங்கிப் போட்டு, அவளோடு உடன்படிக்கையும் செய்துகொண்டார்: அவள் செருப்பு வாசலில் இருந்தால் தூங்குகிறாள் என்று அர்த்தம், அப்போது ஓடுபாதை மூடல். தினம் காலையில் படியில் இறங்கிப் போய் அவள் செருப்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வரும் ஆம்பிளையை நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? ஒரு நாள் யாரோ பார்த்துத் தப்பாக நினைக்கப் போகிறார்கள் என்றேன், "நினைக்கட்டும், இந்த வயசுல அது ஒரு பெருமைதான்" என்றார். அப்போதெல்லாம் அப்படிப் பேசினார்.

எனக்கும் பழகிவிட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சரக்கு அலுவலகத்தில் பெட்டிகளை எடை போட்டு எழுதிக்கொண்டிருந்தவள்தானே நானும், விமானம் எனக்கு ஒன்றும் புதுசு இல்லை. மாப்பிள்ளையை முதல் முதலில் பார்த்தபோது ஆள் எப்படி என்று நீ கேட்டதற்கு எடையைத்தானே சொன்னேன். சமையலறையில் நின்றபடியே சுவர் வழியாக அவர் என்ன செய்கிறார் என்று சொல்லிவிடுவேன். கடகட என்றால் தரையில் ஓடுகிறார். கடகட நின்றால் ஏறிவிட்டார், பால் அடுப்பில் வைக்கலாம். படபடவென்று வேகமாகத் துடித்தால் வேகம் செத்து இறக்கை கைவிடப் போகிறது என்று அர்த்தம், அது கேட்டால் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு நிற்பேன். இறங்கும்போது 'தொம்' என்று ஒரே ஒரு தட்டு. நல்ல இறக்கம் என்றால் அந்த ஒரு தட்டுதான், மேஜை மேல் தம்ளரை வைக்கிற மாதிரி. அந்தத் தட்டு கேட்டதும் நான் காபியை ஊற்றுவேன், அவர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வருவார். இப்படியே போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இல்லை.

எப்போதிலிருந்து என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை கண்ணு, அதுதான் என்னை அரிக்கிறது. இந்த வீட்டில் எல்லாமே ஆடிக்கொண்டிருந்தது. அலமாரியில் தட்டு ஆடும், சுவரில் உன் கல்யாணப் படம் ஆடும், தண்ணீர்க் குடத்தில் வட்டம் வட்டமாக அலை எழும். எது ஆடினாலும் பழி கடைக்குட்டி தலையில். அப்பாவின் காபியில் ஸ்பூன் கிணுகிணுவென்று தட்டினால் நான் அந்த அறைப் பக்கம் பார்த்து முறைப்பேன், மோட்டார் ஓடவில்லை என்பதுகூட எனக்குத் தோன்றாது. சட்டைப் பொத்தானைப் போட வராமல் தலை வழியாக மாட்டும் பனியனுக்கு மாறினார். "அந்த மோட்டாரைப் பிடிச்சுப் பிடிச்சு விரல் மரத்துப்போச்சு" என்றார், நானும் குச்சியைத் திட்டிவிட்டு விட்டுவிட்டேன். பார்சல் வந்தால் நீயே கையெழுத்துப் போடு என்றார். காபியைப் பாதித் தம்ளர் போதும் என்றார், சர்க்கரைக்குப் பயந்துதான் என்று நான் மெச்சிக்கொண்டேன், பார். நான் எழுதும் கடிதத்துக்கு அடியில் அவர் எப்போதும் தன் கையால் வானிலை எழுதுவாரே, மேகம் எப்படி, காற்று எந்தப் பக்கம், பார்வைத் தூரம் எவ்வளவு என்று, நீ பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்து விடாத வழக்கம், அதையும் நிறுத்திவிட்டு "நான் சொல்றேன், நீ எழுதிடு" என்றார். ஏன் அம்மா உன் கையெழுத்தில் வானிலை வருகிறது என்று நீ போனில் கேட்டாய். அப்பா பறக்கிறதில் பிஸி என்று நான்தான் பதில் சொன்னேன். அத்தனை தூரத்தில் இருக்கிற நீ கவனித்தாய், பக்கத்தில் படுத்திருக்கிற எனக்கு உறைக்கவில்லை.

இறக்கமும் கெட்டுப்போனது. ஒரு தட்டு இருந்த இடத்தில் இரண்டு, மூன்று. சில நாள் தட்டே இல்லாமல் ஒரு நொறுங்கும் சத்தம், அப்புறம் மொத்தமாக அமைதி. முன்பெல்லாம் நொறுக்கிவிட்டால் "போச்சுடா, இன்சூரன்ஸ்காரன் வரான்" என்று உள்ளிருந்து கத்துவார். இப்போது சத்தம் வருவதில்லை, எட்டிப் பார்த்தால் இரண்டு கையையும் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். குச்சியில்தான் ஏதோ கோளாறு, மாப்பிள்ளையிடம் கேட்கட்டுமா என்றேன், வேண்டவே வேண்டாம் என்று சீறி விழுந்தார். குச்சி எவ்வளவு பலமாகத் தள்ள வேண்டும் என்று திரையில் ஒரு கோடு இருக்கிறது, மாப்பிள்ளை அதைப் பாதியில் வைத்துக் கொடுத்திருந்தார். அப்பா கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இப்போது கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். ஒரு நாள் துடைக்கப் போய்ப் பிடித்துப் பார்த்தேன், கடைவீதியில் பொம்மையைப் பார்த்துவிட்டு அடம் பிடிக்கும் பிள்ளையின் கையைப் பிடித்த மாதிரி இழுத்தது. இவ்வளவு முரட்டுத்தனமாக எதற்கு வைக்கிறீர்கள் என்றால் "நிஜ விமானம் இப்பிடித்தான்" என்றார். நான் நம்பினேன். குச்சி இறுகினால் அதைப் பிடித்த கையும் ஆடாமல் நிற்கும், அதற்குத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நிஜ விமானம் என்றதும் உனக்கு எங்கே போகிறேன் என்று புரிந்திருக்கும். லீவுக்கு நீங்கள் வரும்போது பேத்தியை நிஜ விமானத்தில் ஏற்றுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார் அல்லவா, அவளும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று நீ சொன்னாய். நான் அதை ஏதோ பேச்சுக்குச் சொன்னது என்று விட்டிருந்தேன். பேச்சு இல்லை. அவருக்குப் பக்கத்து இருக்கையில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து பறந்தவர், நீ மீசை மாமா என்று கூப்பிடுவாயே, அவர்தான் ஊருக்கு வெளியே பறக்கும் கிளப் நடத்துகிறார். நாலு பேர் உட்காரும் விமானம், நாள்கூடக் குறித்தாகிவிட்டது. ஓட்டுவது அப்பா, பக்கத்தில் நீ, பின்னால் குழந்தை. மாமா தரையில் நின்று படம் பிடிப்பாராம். விமானம் ஓட்டத் தேவையான மெடிக்கல் சர்ட்டிபிகேட் போன வருஷம் வாங்கியது, இன்னும் செல்லும், அதனால் காகிதப்படி தடுக்க யாரும் இல்லை. மீசை மாமா, அப்பா என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாவியைக் கொடுப்பார். தினம் அந்த அறையில் ஏறி ஏறி இறங்குவதெல்லாம் பொழுதுபோக்கு இல்லை கண்ணு, அந்த ஒரு நாளுக்கு ஒத்திகை. அந்தக் கிளப்பின் ஓடுபாதையையே தேடிப் பிடித்துத் திரையில் வைத்திருக்கிறார். அதில்தான் நொறுக்குகிறார்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன். மழை கொட்டி வீடெல்லாம் சாயங்காலம் மாதிரி இருட்டிவிட்டது. நர்ஸ் செருப்பு வாசலில் இல்லை, கடை கண்ணிக்குப் போயிருந்தாள் போல, அதனால் அப்பா பறந்துகொண்டிருந்தார். நான் அவர் அறையில் உன் அலமாரிக்குள் ஈரம் ஏறிய துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். இறங்கிக்கொண்டிருந்தார், அது எனக்கே தெரிந்தது, குச்சி லேசாக ஆடிக்கொண்டிருந்தது, அது எப்போதும் ஆடுவதுதானே. அப்போது கரண்ட் போனது. திரை அணைந்தது, பெட்டிக்குள் இருக்கிற ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, மழைச் சத்தம் மட்டும். கரண்ட் இல்லை என்றால் கடைக்குட்டிக்கு உயிர் இல்லை, விட்டால் வாடின கொடி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சாயவில்லை. அப்பா கையை எடுக்கவில்லை. குச்சி ஆடிக்கொண்டே இருந்தது. மோட்டார் இல்லாமல், கரண்ட் இல்லாமல், முன்னைவிட அதிகமாக ஆடியது. பிடியில் ஒரு பொத்தான் லூசாக இருக்கிறது, அது டிக் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. கையில் இருந்த துணியோடு நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருட்டுத் திரையைப் பார்த்தபடியே, "உள்ள மோட்டார் இன்னும் சுத்திக்கிட்டிருக்கு, நிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா, ஃபேன்கூட உடனே நிக்காதே" என்றேன். என் வாய்தான் அதைச் சொன்னது. பக்கத்தில் போய் அவர் கை மேல் என் கையை வைத்தேன். கொதிக்கிற பாத்திரத்தின் மூடி மேல் கை வைத்த மாதிரி இருந்தது. அழுத்திப் பிடித்தேன், கொஞ்சம் அடங்கியது, விட்டால் மறுபடியும். அப்படி எவ்வளவு நேரம் இருந்தோமோ. அவர் கையை எடுக்க மாட்டார், எடுத்தால் குச்சி சாய்ந்துவிடும், கை மட்டும் தனியாக ஆடும், அது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. கரண்ட் வந்தது. ஃபேன் உறுமியது, குச்சி விறைத்து நிமிர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டது, கை நின்றுவிட்டது. அப்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "பாத்தியா, சரியாயிடுச்சு" என்றார். நான் துணியை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் மாடிப்படியில் நர்ஸைப் பிடித்துக் கேட்டேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவள் சாவியை இங்கே மறந்துவிட்டுப் போன அன்று அப்பா கொண்டுபோய்க் கொடுத்தாராம், சாவிக்கொத்து குலுங்கியதைப் பார்த்தாளாம். "நான் டாக்டர் இல்ல ஆன்ட்டி, அதுக்குப் பேர் எல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா காட்டணும். தள்ளிப் போடாதீங்க, மருந்து இருக்கு, மருந்துல அடங்கிற மாதிரியும் இருக்கும்" என்று என் தோளைத் தொட்டுச் சொன்னாள். தூக்கத்தைக் கெடுத்தவளுக்கு இவ்வளவு தூரம் சொல்கிறாளே என்று இருந்தது. அன்று சாயங்காலம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன், கையை ஒரு தடவை காட்டிவிட்டு வரலாமா என்று மெதுவாகக் கேட்டேன். எந்தக் கை என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, உங்களுக்கு என்ன நாலு கையா இருக்கிறது என்று கத்திவிட்டேன். அதற்கு அவர் கத்தவில்லை. பழைய அப்பாவாக இருந்தால் கத்தியிருப்பார். "டாக்டர்கிட்டப் போனா எழுதிடுவான். எழுதிட்டா சர்ட்டிபிகேட் போயிடும். பேத்தி வந்துட்டுப் போகட்டும். அந்த ஒரு தடவை ஏறி இறங்கிட்டாப் போதும், அப்புறம் எந்த டாக்டர்கிட்ட வேணா கூட்டிட்டுப் போ, நாய்க்குட்டி மாதிரி பின்னாலயே வரேன்" என்றார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. முப்பது வருஷம் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்காத மனிதர்.

அந்த ஒரு தடவையில் உட்காரப் போவது நீயும் குழந்தையும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி ஒதுக்கி வைத்திருக்கிறார், அதுதான் எனக்குப் பயம். ஒரு சமயம் மலைக்கு அந்தப் பக்கம் புயல் என்று பாதி வழியில் விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார், ஞாபகம் இருக்கிறதா, உள்ளே இருந்த சரக்கெல்லாம் அழுகிப்போனது, அலுவலகத்தில் பெரியவர் எல்லார் முன்னாலும் வைத்து வறுத்தெடுத்தார். நான் எடை மேஜையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "திரும்பணும்னு தோணுச்சு சார், திரும்பிட்டேன்" என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் இப்போது எங்கே போனார் என்று இராப்பகலாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கடைக்குட்டியைத் தூக்கி வெளியே போட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது, ஸ்குருவைக் கழற்றக் கிட்டேயும் போனேன். பாவம், அது என்ன செய்யும். இந்த வீட்டில் அவர் கையைப் பிடித்து நிறுத்துவது இப்போதைக்கு அது ஒன்றுதான்.

இப்போது நான் கேட்கப் போவதைக் கேட்டு என்னை வையாதே. பறக்க வேண்டாம் என்று அப்பாவிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மீசை மாமாவிடம் போய்ச் சொன்னால் அவருடைய கண்ணில் அப்பா விழுந்துவிடுவார், அதை அவர் தாங்க மாட்டார். அதனால் முதலில் நினைத்தது, நீ போன் போட்டு, குழந்தைக்குக் காதில் கோளாறு, டாக்டர் உயரத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட வேண்டும் என்பதுதான். அவருக்கும் கௌரவம் போகாது, உங்களுக்கும் ஆபத்து இல்லை. நல்ல யோசனை என்று இரண்டு நாள் திருப்தியாகக்கூட இருந்தேன். அப்புறம்தான் இதுவும் அந்த 'ஃபேன்கூட உடனே நிக்காதே' மாதிரிதான் என்று பட்டது. ஆளாளுக்கு அவருக்கு ஒரு மோட்டாரைப் பூட்டிக்கொண்டே போனால் கடைசியில் யார் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது?

அதனால் இப்படிச் செய்யப் போகிறேன். இந்தக் கடிதத்தை ஒட்டாமல் கொண்டுபோய்க் கடைக்குட்டியின் பிடிக்கு அடியில் செருகி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன், திரும்பி வந்துதான் தபாலில் சேர்ப்பேன். கடைசியில் வானிலைக்கு எப்போதும் விடுகிற இடத்தை விட்டு வைத்திருக்கிறேன். உனக்கு இது வந்து சேரும்போது கீழே காலியாக இருந்தால், படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார் என்று அர்த்தம், அப்போது நீ அந்தக் காது விஷயத்தைச் சொல்லி விமானத்தை நிறுத்திவிடு, யார் கௌரவம் போனாலும் பரவாயில்லை, குழந்தையை மட்டும் ஏற்றாதே. கிழித்துப் போட்டுவிட்டால் கடிதமே உனக்கு வராது, அப்போது நான் தெருமுனை மருந்துக்கடையில் இருந்து போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்வேன், அங்கே பேசினால் அவர் காதில் விழாது. இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியாமல் நான் ஒரு கடிதம் எழுதியது இல்லை, இதையும் தெரியாமல் அனுப்ப மனசு வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

மற்றபடி நீ உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, மடிக்கணினியை வைத்துக்கொண்டு படுக்கையில் வேலை செய்யாதே, முதுகு போய்விடும். மாப்பிள்ளையிடம் குச்சியைப் பற்றி வருத்தப்பட வேண்டாம் என்று சொல், அவர் நல்லது நினைத்துத்தான் அனுப்பினார், நல்லதும்தான் செய்தது. குழந்தைக்குப் பல் விழுந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. வரும்போது எனக்கு ஒன்றும் வாங்கி வராதே, அப்பாவுக்குப் பொத்தான் இல்லாத சட்டையாக இரண்டு, அடர்ந்த நிறத்தில். மறந்துவிடாதே. நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல், கை கால் சுகத்தோடு, நீண்ட நாள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும் என்று நெற்றியில் முத்தமிட்டு வாழ்த்துகிறேன்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா

வானிலை: மேகம் தாழ்வு. மழை. காற்று பெரிதாக இல்லை. பார்வைத் தூரம் நன்றாக இருக்கிறது.

அம்மா எழுதியது எல்லாம் உண்மை. குழந்தையின் காதைப் பற்றிப் பொய் சொல்லாதே. மீசைக்குப் போன் செய்து நானே சொல்லிவிட்டேன், அவன் ஓட்டுவான், பக்கத்தில் நீ உட்கார். நான் பின்னால் குழந்தையோடு உட்கார்ந்து ஜன்னலில் எல்லாம் காட்டுகிறேன். வியாழக்கிழமை டாக்டர். திரும்பணும்னு தோணுச்சு, திரும்பிட்டேன்.

எழுத்து புரியாவிட்டால் அம்மாவிடம் கேட்டுக்கொள். பேனாவில் மோட்டார் இல்லை.

அப்பா